கண்ணுக்கு ஒரு ஸ்ருதி, காதுக்கு ஒரு ஸ்ருதி

கச்சேரிக்குப் போய்ப் பழகியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு காட்சி உண்டு. வித்வான் ஒரு கீர்த்தனத்தைப் பாடி முடிக்கிறார். சபையில் கரகோஷம் எழுகிறது. அடுத்த கீர்த்தனத்தை எதிர்பார்த்து நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். ஆனால் வருவது கீர்த்தனம் அல்ல. பிடில் வித்வான் பிருடையைத் திருகி வில்லால் இழுத்துப் பார்க்கிறார். மிருதங்க வித்வான் கல்லை எடுத்து வாரின்மேல் தட்டுகிறார். தம்பூராவின் மணிகள் மேலும் கீழும் நகருகின்றன. இந்தச் சமயம் பார்த்துத்தான் முன் வரிசைக் கனவான்கள் கடியாரத்தைப் பார்க்கிறார்கள். பின் வரிசைக்காரர்கள் காப்பி தேடி எழுந்து போகிறார்கள்.

இதைக் குற்றமாகச் சொல்ல நாம் முன்வரவில்லை. ஸ்ருதி சேராத சங்கீதத்தை ஒரு மணி நேரம் கேட்பதைவிட, ஸ்ருதி சேர்ப்பதை ஐந்து நிமிஷம் கேட்பது எவ்வளவோ மேல். ஆயினும், சபையார் காதில் சிறிதும் விழாமலே ஸ்ருதி சேர்த்துக்கொள்ள ஒரு மார்க்கம் இருக்குமானால் அதை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

அப்படி ஒரு மார்க்கம் இருக்கத்தான் இருக்கிறது. மேல்நாட்டு மேடைகளில் வாத்தியக்காரர்களின் காலடியில் ஒரு சிறு இரும்புப் பெட்டி கிடக்கும். காலால் ஓர் அழுத்து அழுத்தினால் வாத்தியத்தின் சப்தம் வெளியே போகாமல் நின்றுவிடும். வாசிப்பவர் தந்தியை மீட்டுவார். பெட்டியின் முகத்தில் விளக்குகள் ஓடும். தந்தி தாழ்ந்திருந்தால் இடப்புறம், உயர்ந்திருந்தால் வலப்புறம், சரியாக இருந்தால் நடுவே பச்சை. மறுபடி ஓர் அழுத்து. வாத்தியம் பேசத் தொடங்கிவிடும். இதற்குப் ‘பெடல் ட்யூனர்’ என்று பெயர்.

இந்தப் பெட்டியைப் பற்றியும், இது யாருக்கு மிகவும் உபகாரமோ அந்த ஸ்டீல் கிதார்க்காரர்களைப் பற்றியும், அவர்களை இது எங்கே கைவிடுகிறது என்பதைப் பற்றியும் இந்த வாரம் சொல்ல உத்தேசம்.

*

நம் நண்பர் ஒருவரின் குமாரர் பல வருஷங்களாக அமெரிக்காவில் வசிக்கிறார். வாரத்தில் ஐந்து நாள் என்ஜினீயர்; சனிக்கிழமை இரவானால் ‘கண்ட்ரி’ சங்கீதக் கோஷ்டி ஒன்றில் பெடல் ஸ்டீல் கிதார் வாசிப்பவர். சென்ற மாதம் ஊருக்கு வந்தவர் நம்மையும் பார்த்துவிட்டுப் போக வந்தார். க்ஷேம சமாசாரங்களெல்லாம் ஆன பிறகு, “வாத்தியம் எப்படி இருக்கிறது அப்பா?” என்று கேட்டோம். கேட்டிருக்கக் கூடாது போலிருக்கிறது. அவர் முகம் வாடிவிட்டது.

“மாமா, முதல் தடவை பெரிய மேடையில் வாசித்தேன். புதிதாக ஒரு ட்யூனர் வாங்கியிருந்தேன். பத்துத் தந்தியிலும் பச்சை விளக்கு வந்த பிறகுதான் கையை எடுத்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் முதல் பாட்டில் முதல் ஸ்வரக் கூட்டை வாசித்ததும் பாடுகிறவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. எனக்கே காதில் புளித்தது. உடனே காலடியில் பார்த்தேன். பச்சைதான்! பாட்டு முழுவதும் ஒலியைக் குறைத்துக்கொண்டு ஒப்பேற்றினேன்” என்றார்.

விளக்கோ சரி என்கிறது; காதோ தப்பு என்கிறது. இரண்டில் பொய் சொல்வது எது? இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால் அந்த வாத்தியத்தின் சரித்திரத்தைச் சற்றே தெரிந்துகொள்ள வேண்டும்.

*

ஸ்டீல் கிதார் என்றால் எஃகினால் செய்த கிதார் என்று எண்ணிவிடக் கூடாது. இடது கையில் ஓர் எஃகு உருளையைப் பிடித்துத் தந்திகளின்மேல் வழுக்கி வாசிப்பதனால் வந்த பெயர் அது. பிறந்த இடம் பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுகள். 1874-இல் ஓவாஹு தீவில் பிறந்த ஜோஸப் கெகுகு என்பவர் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்கையிலேயே, 1889-ஆம் வருஷ வாக்கில், இந்த வாசிப்பு முறையைக் கண்டு வளர்த்தார் என்பது பெரும்பாலோர் ஒப்பும் வரலாறு. 1915-இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் நடந்த பெரிய பொருட்காட்சியில் ஹவாய்ச் சங்கீதத்தைக் கேட்ட அமெரிக்கர்கள் அதில் சொக்கிப் போனார்கள். 1932-இல் விலைக்கு வந்து, பிற்பாடு ரிக்கன்பாக்கர் என்று பெயர் பெற்ற மின்சாரக் கிதாரும் மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிதார்தான். வட்டமான உடலும் நீண்ட கழுத்துமாக அது இருந்ததைப் பார்த்து ஜனங்கள் ‘பொரிக்கும் சட்டி’ என்றே செல்லப் பெயர் வைத்துவிட்டார்கள்!

நமக்கும் இந்த வித்தை அந்நியம் அல்ல. மெட்டுக்கள் இல்லாத தண்டியின்மேல் கட்டையை வழுக்கி வாசிக்கும் கோட்டுவாத்தியத்தைக் கேட்டுத் தலையசைத்தவர்கள் தமிழர்கள். வடக்கே பிரிஜ் பூஷண் காப்ரா ஹவாய்க் கிதாரில் ஹிந்துஸ்தானி ராகங்களை வாசித்துப் புகழ் பெற்றார். விசுவ மோகன் பட் அதற்குத் துணைத் தந்திகள் பல சேர்த்து ‘மோகன வீணை’ என்று பெயரிட்டார். அமெரிக்கரான ரை கூடருடன் சேர்ந்து வாசித்த இசைத்தட்டுக்காக 1994-இல் கிராமி பரிசும் அடைந்தார்.

இவர்கள் வாசித்தது பெரும்பாலும் ஒரு தந்தியில் ராகத்தை வளர்க்கும் முறை. அமெரிக்கர்களுக்கு வேண்டியதோ இரண்டு மூன்று தந்திகள் ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு. நேரான உருளை எல்லாத் தந்திகளையும் ஒரே சமயத்தில் ஒரே அளவு ஏற்றும் அல்லது இறக்கும். ஆகவே ஒரே ஜாதிக் கூட்டுத்தான் திரும்பத் திரும்ப வரும். இந்தச் சங்கடத்தைத் தீர்ப்பதற்காகக் கிதாருக்குக் கால் முளைத்தது. காலுக்குப் பெடல் முளைத்தது. ஒரு பெடலை மிதித்தால் குறிப்பிட்ட சில தந்திகள் மட்டும் இறுகி ஸ்வரம் உயரும். 1954-இல் வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ என்ற பாட்டு வெளிவந்தது. அதில் பட் ஐஸக்ஸ் என்பவர் தந்திகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். ஒரு ஸ்வரம் அசையாமல் நிற்க, பக்கத்து ஸ்வரம் அதைத் தேடிக்கொண்டு ஏறுவதைக் கேட்டு மற்ற ஸ்டீல் கிதார்க்காரர்களெல்லாம் பெடல் வைத்த வாத்தியத்துக்கு ஓடினார்கள்.

நாஷ்வில் நகரத்தார் கையாளும் பெடல் ஸ்டீல் கிதாரில் பத்துத் தந்திகள். இடது காலுக்கு மூன்று பெடல்கள். இரண்டு முழங்கால்களுக்கும் நாலைந்து நெம்புகோல்கள். வலது காலுக்கு ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பெடல் ஒன்று. வலது கை விரல்களில் உலோக நகங்கள், இடது கையில் உருளை. உடம்பில் சும்மா இருக்கும் அவயவம் தலை ஒன்றுதான். அதற்கும் மேடையில் வேலை இருக்கிறது என்பது பின்னால் தெரியும்.

*

“மெட்டே இல்லாத வாத்தியம் ஆயிற்றே! ஸ்ருதி சற்று விலகினால் உருளையை நகர்த்திச் சரி செய்துகொள்ளக் கூடாதா?” என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் கேட்டோம்.

ஒரு தந்தியை மட்டும் வாசித்தால் செய்யலாம். மூன்று தந்திகளைச் சேர்த்து வாசிக்கும்போது உருளை மூன்றையும் ஒன்றாகத்தான் நகர்த்தும். ஒன்றுக்கொன்று உள்ள உறவு கெட்டிருந்தால் அதை உருளையால் திருத்த முடியாது. உருளையைச் சாய்த்துப் பிடிக்கும் வித்தை உண்டு. ஆனால் எல்லாக் கூட்டுக்கும் எல்லா வேகத்திலும் அது உதவாது. குடும்பத்தை ஊர் மாற்றி விடலாம். மாமியாருக்கும் மருமகளுக்கும் உள்ள மனஸ்தாபம் கூடவே பிரயாணம் செய்யும் அல்லவா? அந்தக் கதைதான்.

மேலும், பத்துத் தந்திக்குப் பத்து ஸ்ருதியோடு காரியம் முடிவதில்லை. ஒவ்வொரு பெடலும் ஒவ்வொரு நெம்புகோலும் தந்திகளை எங்கே கொண்டு நிறுத்த வேண்டும் என்று தனித்தனியே திட்டம் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் கணக்கிட்டால் இருபதுக்கு மேல் ஆகிவிடும். மிதிக்காத தந்தியின் ஸ்ருதியை இடப்புறத் தலைப்பிலுள்ள பிருடையால் சேர்க்கிறார்கள். மிதித்த பிறகு வரும் ஸ்ருதியை வலப்புற ஓரத்திலுள்ள சிறு நைலான் மரைகளைத் திருகிச் சேர்க்கிறார்கள். பிருடையைப் பிறகு தொட்டால் மரையின் கணக்குத் தவறிவிடும். ஆகவே திறந்த தந்தி முதலில், மிதித்த தந்தி பின்னால் என்பது விதி.

இவ்வளவும் வீட்டில் சேர்த்துக்கொண்டு போனாலும் மேடையில் சத்துருக்கள் காத்திருக்கிறார்கள். முதல் சத்துரு உஷ்ணம். மேடை விளக்குகளின் வெப்பத்தில் எஃகுத் தந்தி நீளுகிறது. இறுக்கம் தளர்ந்து ஸ்ருதி இறங்குகிறது. மெல்லிய தந்தியும் சுருள் சுற்றிய கனத்த தந்தியும் ஒரே அளவில் இறங்குவதுமில்லை. குளிர்ந்த காற்று அடித்தால் இதற்கு நேர் விரோதம். இரண்டாவது சத்துரு வாத்தியத்தின் உடலே. பெடலை மிதிக்கும் பலத்தில் சட்டம் துளியளவு வளைகிறது. அதனால் மிதிபடாத தந்திகளும் சற்றுத் தாழ்கின்றன. மூன்றாவது, மிதித்துவிட்ட தந்தி சில சமயம் புறப்பட்ட இடத்துக்கே அச்சாகத் திரும்பி வராமல் ஒரு மயிரிழை தள்ளி நிற்பது. நான்காவது, பக்கத்தில் முழங்கும் டிரம்மும் மின்சாரக் கிதாரும். அந்த அமளியில் தன் தந்தியின் குரல் தனக்கே கேட்பதில்லை.

*

இந்த நான்காவது சத்துருவை ஜயிக்கத்தான் ட்யூனர் வந்தது. இதன் வம்சம் பழையது. 1936-இல் அமெரிக்காவில் கான் கம்பெனியார் ‘ஸ்ட்ரோபோகான்’ என்ற பெரிய யந்திரத்தை வெளியிட்டார்கள். கோடு போட்ட தட்டுக்கள் அதில் சுழலும். ஸ்வரம் சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். உயர்ந்தால் ஒரு பக்கமும் தாழ்ந்தால் மறு பக்கமும் ஓடும். அதைத் தூக்கிக்கொண்டு கச்சேரிக்குப் போவது சாமான்யமல்ல. 1970-களில் ஜப்பானிலிருந்து முள் காட்டும் கையடக்க ட்யூனர்கள் வந்தன. 1998-இல் பாஸ் கம்பெனியார் வெளியிட்ட ‘டீ.யூ.-2’ காலால் மிதிக்கும் ட்யூனரை உலகமெங்கும் பரப்பியது. பிற்பாடு பீட்டர்ஸன் கம்பெனியார் பழைய ஸ்ட்ரோபோ முறையையே சிறு பெட்டிக்குள் அடக்கிக் காலடிக்குக் கொண்டுவந்தார்கள்.

ஸ்டீல் கிதார்க்காரருக்கு ஒரு விசேஷ சௌகரியமும் உண்டு. அவர் காலடியில் ஏற்கனவே ஒலிப் பெடல் இருக்கிறதல்லவா? வாத்தியத்திலிருந்து வரும் மின்சாரக் கயிறு முதலில் ட்யூனருக்கும், அங்கிருந்து ஒலிப் பெடலுக்கும், பிறகு ஆம்ப்ளிஃபையருக்கும் போகும்படி இணைத்துவிட்டால், ஒலிப் பெடலை அடியோடு தணித்ததும் சபைக்கு ஒன்றும் கேட்காது. ட்யூனருக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். பாடுகிறவர் சபையாரிடம் ஹாஸ்யம் பேசிக்கொண்டிருக்கும் அரை நிமிஷத்தில் இரண்டு தந்தியைச் சரி பார்த்துவிடலாம். ட்யூனரை ஒலிப் பெடலுக்குப் பின்னால் இணைத்தாலோ, ஒலியைத் தணித்த மாத்திரத்தில் ட்யூனரும் செவிடாகிவிடும். இந்தச் சிறு விஷயத்தை அறியாமல் மேடையில் விழிப்பவர்கள் உண்டாம்.

இவ்வளவு நல்ல கருவிதான் நம் நண்பரின் குமாரரை மோசம் செய்தது. எப்படி?

*

அன்று மாலை நம் பேத்தி கூடத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மாயாமாளவகௌளையில் ஸரளி வரிசை, பக்கத்தில் தம்பூரா. அவர் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து டெலிபோனை எடுத்தார். அதற்குள்ளும் இந்தக் காலத்தில் ஒரு ட்யூனர் வந்துவிட்டது. முதலில் தம்பூராவின் ஸட்ஜத்தை அந்த டெலிபோனின் பச்சை விளக்குக்குச் சேர்த்தார். பிறகு, “குழந்தாய், காந்தாரத்தில் மட்டும் நிறுத்திப் பாடு” என்றார். அவள் தம்பூராவோடு ஒட்டி நீளமாகப் பாடினாள். நம் காதுக்குக் கற்கண்டாக இருந்தது. டெலிபோனோ இடப்புறம் விளக்கைக் காட்டி, ‘தாழ்வு’ என்றது.

குழந்தையின் கண்ணில் ஜலம் தளும்பிவிட்டது. “மாமா, நான் அபஸ்வரமா பாடறேனா?” என்று கேட்டாள்.

“இல்லை அம்மா. நீ பாடினதுதான் சரி. இந்தப் பெட்டிக்கு வேறு கணக்கு” என்றார் அவர். சொல்லிவிட்டு ஒரு கணம் நம்மைப் பார்த்தார். தமக்கும் சேர்த்தே சொல்லிக்கொண்டார் என்பது நமக்கு விளங்கிற்று.

அந்தக் கணக்கு இதுதான். மேல்நாட்டார் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாக வெட்டினார்கள். ஒவ்வொரு பாகத்தையும் நூறு ‘ஸென்ட்’ என்று வைத்தால் ஸ்தாயிக்கு 1,200 ஸென்ட். இந்தச் சமப் பங்கீட்டில் பஞ்சமம் 700-இல் விழுகிறது. இயற்கையான பஞ்சமம் 702. இரண்டு ஸென்ட் வித்தியாசத்தை யாரும் பெரிதாகப் பாராட்டுவதில்லை. ஆனால் அந்தர காந்தாரம்? பங்கீட்டில் அது 400, இயற்கையில் 386. பதினாலு ஸென்ட் வித்தியாசம்! தம்பூராவை நன்றாகச் சேர்த்து மீட்டினால், யாரும் மீட்டாமலே ஒரு காந்தாரம் தானாக எழுமே, அதுதான் இந்த இயற்கையான காந்தாரம். குழந்தை அதைக் கேட்டுப் பாடினாள். பெட்டிக்கு அது பதினாலு ஸென்ட் தாழ்வாகப் பட்டது.

1940-இல் அகில இந்திய ரேடியோ ஹார்மோனியத்தை விலக்கி வைத்ததும், அந்தத் தடை 1971 வரையில் நீடித்ததும் பலருக்கு நினைவிருக்கலாம். ஸ்வரங்களைச் சமமாகப் பங்கிட்டு ஆணியடித்துவிட்டது என்பது அந்தப் பெட்டியின்மேல் சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்று. சாதாரண ட்யூனரும் கேட்டதையெல்லாம் ஹார்மோனியத்தின் கணக்கில் நிறுக்கும் தராசுதான். அதன்மேல் பிசகில்லை, நாம் கேட்கும் கேள்வியில்தான் பிசகு.

கிதாருக்கே திரும்பி வருவோம். உருளையை வைக்காமல் முதல் இரண்டு பெடல்களையும் மிதித்தால், ஆறாவது தந்தி வினாடிக்கு 220 அதிர்வுடன் ஒலிக்கும். ஐந்தாவது தந்தி அதன் காந்தாரத்தை ஒலிக்கும். பச்சை விளக்குப்படி அந்தக் காந்தாரம் வினாடிக்கு 277-க்குச் சற்று மேல். இயற்கையில் அது சரியாக 275. எந்தத் தந்தியும் தன் ஸ்வரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு முதலிய மேல் ஸ்வரங்களையும் மெல்லியதாக எழுப்பும். 220-இன் ஐந்து மடங்கு 1,100. 275-இன் நாலு மடங்கும் 1,100. இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். 277-க்குச் சற்று மேலானதன் நாலு மடங்கோ ஏறக்குறைய 1,109. இந்த 1,100-உம் 1,109-உம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வினாடிக்கு ஒன்பது தடவை விம்மித் தணியும். நண்பரின் குமாரர் காதில் புளித்தது அந்த விம்மல்தான்.

பியானோவில் இதே விம்மல் இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் பியானோவின் ஒலி அடித்தவுடன் தேயத் தொடங்கிவிடுகிறது. ஸ்டீல் கிதாரிலோ, ஒலி தேயத் தேய வாசிப்பவர் வலது காலால் ஒலியைக் கூட்டி அதை நீட்டிக்கொண்டே போகிறார். நீண்டு நிற்கும் ஸ்வரத்தில் மறைந்துகொள்ள இடமில்லை.

*

அப்படியானால் ட்யூனரைத் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டாம். அதை உபயோகிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். அனுபவஸ்தர்கள் செய்வதை நண்பரின் குமாரர் பிற்பாடு கற்றுக்கொண்டு வந்திருந்தார். அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறோம்.

மேடைக்கு முன்கூட்டியே போய், வாத்தியத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, அந்த இடத்து உஷ்ணத்துக்குப் பழக விட வேண்டும். பெடல்களைச் சில தடவை மிதித்து விட்ட பிறகே ஸ்ருதி பார்க்கத் தொடங்க வேண்டும். தந்தியை மெதுவாக மீட்ட வேண்டும்; பலமாக மீட்டினால் முதல் கணத்தில் ஸ்ருதி உயர்ந்து காட்டும். மற்றத் தந்திகளைக் கையால் அடக்கிக்கொள்ள வேண்டும். ஸ்ருதியை எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்த வேண்டும். மேலிருந்து இறக்கினால் தந்தி வழியில் எங்கேனும் தங்கிப் பிறகு நழுவும்.

ஆதார ஸ்வரத்தையும் பஞ்சமத்தையும் ட்யூனரின் நடு விளக்குக்குச் சேர்க்கலாம். காந்தாரமாக நிற்கும் தந்திகளை மட்டும், விம்மல் அடங்கும் வரையில் காதால் கேட்டுத் தாழ்த்த வேண்டும். இதை வீட்டில், நிசப்தமான வேளையில் செய்ய வேண்டும். செய்துவிட்டு, அந்தத் தந்திக்கு ட்யூனர் என்ன காட்டுகிறது என்று பார்த்துத் தந்தி வாரியாகக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். மேடையின் அமளியில் காது வேலை செய்யாதபோது, வீட்டில் காது சொன்னதை ட்யூனர் ஞாபகப்படுத்தும். ஜெஃப் நியூமன் என்னும் ஆசிரியர் தம் மாணவர்களுக்காக இப்படித் தந்தி வாரியாக எண்கள் எழுதிப் பட்டியலே கொடுத்தார். பீட்டர்ஸன் கம்பெனியாரின் ட்யூனர்களில் பெடல் ஸ்டீல் கிதாருக்கென்றே இத்தகைய அளவுகள் உள்ளே பதிந்து வருகின்றன.

பெடலை மிதிக்கும்போது சட்டம் வளைந்து மற்றத் தந்திகள் தாழுமே, அதற்கும் வழி உண்டு. அந்தத் தந்திகளை நடு விளக்குக்குச் சிறிது மேலே நிறுத்திவைத்தால், மிதிக்காதபோது துளி ஏற்றமும் மிதித்தபோது துளி இறக்கமுமாக இரண்டு பக்கமும் பொறுத்துக்கொள்ளும்படி ஆகும்.

ஆனால் இயற்கையான காந்தாரத்தையே பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டாலும் மேடையில் ஆபத்து உண்டு. பக்கத்தில் பியானோக்காரர் சமப் பங்கீட்டுக் காந்தாரத்தை அடித்துக்கொண்டிருப்பார். கிதாரின் காந்தாரம் தனக்குள் சுத்தமாக இருந்தும் அவருக்குப் பதினாலு ஸென்ட் தாழ்ந்து கேட்கும். ஆகையால் அனேகர் முழுப் பதினாலும் இறக்காமல் பாதி வழியில் சமாதானம் செய்துகொள்கிறார்கள். இந்த வாத்தியத்தின் மகா வித்வானான பட்டி எம்மன்ஸ் பிற்காலத்தில் சமப் பங்கீட்டு ஸ்ருதியையே கைக்கொண்டார். அவர் கையில் அது புளிக்கவில்லை. இரண்டு கட்சியிலும் பெரியவர்கள் இருக்கிறார்கள். விளக்கின் உத்தரவென்று எடுத்துக்கொள்ளாமல், தம் காது ஒப்பியதால் ஓர் அளவைத் தேர்ந்துகொண்டார்கள் என்பதில் இரு கட்சியும் ஒன்றுதான். மேடையில் தலைக்கும் வேலை உண்டு என்று மேலே சொன்னோமே, அது இதுதான்.

*

புறப்படும் சமயத்தில் நண்பரின் குமாரர், “மாமா, அன்றைக்கு எனக்கு வந்த அவமானம் பெரிதில்லை. என் காது சரியாகத்தான் சொல்லிற்று. நான் அதை நம்பாமல் காலடியில் இருந்த விளக்கைப் பார்த்தேன். அதுதான் உறுத்துகிறது” என்றார்.

நாம் பதில் சொல்லவில்லை. நம்மில் யார் அப்படிச் செய்யாதவர்கள்? சாதத்தைத் தொட்டுப் பதம் பார்த்த கை இன்று கடியாரத்தைப் பார்க்கிறது. குழந்தையின் நெற்றியைத் தொட்டு ஜுரம் அறிந்த தாயாரும், உஷ்ணமானியைப் பார்க்காமல் நிச்சயம் சொல்லத் தயங்குகிறாள். கருவிகள் வேண்டாம் என்று நாம் சொல்ல மாட்டோம். உஷ்ணமானி பல குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது. சபையார் காதைத் துளைக்காமல் ஸ்ருதி சேர்க்கும் பெட்டியும் போற்றத்தக்கதே. நம் வித்வான்களில் சிலர் அதைக் கடன் வாங்கினால்கூட நமக்கு ஆக்ஷேபமில்லை! கருவியிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று தெரிந்திருந்தால் போதும்.

அவர் வாசலைத் தாண்டிப் போன பிறகு உள்ளே தம்பூரா மறுபடி ஒலித்தது. பேத்தி காந்தாரத்தில் வந்து சற்றே தயங்கினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, தம்பூராவோடு ஒட்டி, முன்போலவே பாடினாள். டெலிபோன் பக்கத்தில் இல்லை. நமக்கு மிகவும் திருப்தியாக இருந்தது.